நிலாவெளிக் கரைக்கு ஓர் ஒருங்கிணைந்த சுற்றாடல் மதிப்பீடு: சேவை எப்படி இருந்தது?

நிலாவெளியில் படகுத்துறையும் சிறிய உணவகமும் அமைப்பதா என்று எங்கள் படகுச் சங்கம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நிலத்தடி நீர், கடலுயிர், கரையரிப்பு, வாழ்வாதாரம் ஆகியவற்றை ஆராய்ந்து ஒரே அறிக்கையாகத் தருவதாகச் சொன்ன திருகோணமலை நகர ஆலோசனை நிறுவனமொன்றை அமர்த்தினோம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், ஹோட்டல் என்றால் பொதுவாக 99 அறைகளைத் தாண்டும்போதுதான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாகிறது. எங்கள் மதிப்பீடு சட்டத்துக்காகச் செய்ததன்று.

பணம் வீண்போகவில்லை என்று தோன்றிய இடம் கிணறுகள் பற்றிய பகுதி. இக்கரையின் மணல் நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. அதிகம் இறைத்தால் உப்பு மேலேறும், மலக்குழி கிட்ட இருந்தால் நைத்திரேற்றும் கிருமியும் கிணற்றுக்குள் வரும். நீர்ப் பரிசோதனை மட்டும் பார்த்தால் எல்லாம் வரம்புக்குள் இருந்தது. வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பு மட்டும் பார்த்தால் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்தபோதுதான், உணவகத்தின் மலக்குழிக்குக் குறித்த இடம், பெரும்பாலான வீடுகள் குடிநீர் அள்ளும் கிணற்றுக்குப் பக்கத்தில் இருப்பது தெரிந்தது. இடத்தை மாற்றினோம்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு துறைக்கும் கொடுத்த புள்ளிகளைக் கூட்டிச் சராசரியாக ஒரே புள்ளி போட்டிருந்தார்கள். நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள, 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவின் பவளப்பாறைகளில் நங்கூரம் விழும் அபாயத்தால் கடலுயிருக்குக் கிடைத்த மிகக் குறைந்த புள்ளி, வருமானத்தின் உயர்ந்த புள்ளிக்குள் மறைந்து, திட்டம் 'ஏற்கத்தக்கது' என்று வந்துவிட்டது. உடைந்த பவளத்தைப் படகு வாடகையால் ஈடுசெய்ய முடியாது என்று வாதிட்டோம். மறுப்பின்றிச் சராசரியை நீக்கி, ஒவ்வொரு துறைக்கும் தாண்டக்கூடாத எல்லையைத் தனித்தனியாக எழுதித் தந்தார்கள்; அந்தப் பணிவுக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுக்கலாம்.

பெரிய குறை காலம். நீர் மாதிரிகள் வறண்ட கச்சான் காற்று வீசும் ஆகஸ்டில் மட்டுமே எடுக்கப்பட்டன. வாடை மழையில் நிலத்தடி நீர் மேலெழும்போதுதான் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி குறையும் என்பது இங்கே கிணறு வெட்டுபவர்களுக்கும் தெரியும். டிசம்பரில் மீண்டும் எடுத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை மீதிக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.