மூன்று முறை எரிந்த வலது சேனல்: பழைய பவர் ஆம்ப் ஒன்றுடன் மூன்று வருடம்

இந்த ஆம்ப் என்னிடம் வந்தபோது இடது பக்கம் நன்றாகப் பாடியது, வலது பக்கம் ஊமை. 1970களின் கடைசியில் செய்தது, சேனலுக்கு 40 வாட். வலது பக்கத்துக்கு மூன்று முறை அவுட்புட் டிரான்சிஸ்டர் (ஸ்பீக்கரை ஓட்டுவது) மாற்றியாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் சில மாதம்தான் தாங்கியது என்று முன்பு வைத்திருந்தவர் சொன்னார்.

மூடியைக் கழற்றினேன். இடது போர்டு தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருந்தது. வலதில் ஈயம் உருண்டை உருண்டையாக நின்றது. அளவுக்கு மீறிச் சூடு காட்டியதில் போர்டின் இரண்டு டிராக் (செம்புத் தடங்கள்) உரிந்து மேலே எழும்பியிருந்தன. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி. சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட்சிங்கோடு ஒட்டி இருக்க வேண்டிய பயாஸ் டிரான்சிஸ்டர் அந்தரத்தில் தொங்கியது. பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் பயாஸ், அதைக் கட்டுப்படுத்துவது இந்த டிரான்சிஸ்டர். அவுட்புட்டின் சூடு அதற்குத் தெரிந்தால்தான் பயாஸைக் குறைத்துக் கட்டுக்குள் வைக்கும். தெரியாவிட்டால் சூட்டால் மின்னோட்டம் ஏறும், மின்னோட்டத்தால் இன்னும் சூடு ஏறும், கடைசியில் எரியும்.

சர்க்யூட் படம் கிடைக்கவில்லை. அது பெரிய குறையாகவும் படவில்லை, நல்ல சேனல் பக்கத்திலேயே இருந்ததே. பவரை எடுத்துவிட்டு, ஃபில்டர் கெப்பாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்துவிட்டு, இடதில் ஒரு அளவு, வலதில் அதே இடத்தில் ஒரு அளவு என்று மல்டிமீட்டரோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். முந்தைய கைகள் மாற்றிய எல்லாம் அகப்பட்டன. அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் 0.22 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தது.

போட்டிருந்த அவுட்புட் ஜோடி 2என்3055, எம்ஜே2955. நல்ல டிரான்சிஸ்டர்கள்தான், ஆனால் இங்கே பொருந்தாது. இந்த ஆம்பின் சப்ளை பிளஸ் 35, மைனஸ் 35 வோல்ட். சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றின் மீதும் 35 வோல்ட்தான் விழும். சத்தத்தைக் கூட்டினால் வெளியீடு ஒரு பக்கம் சாயும்போது எதிர்ப்பக்க டிரான்சிஸ்டர் மேல் 60ஐத் தாண்டிவிடும். இந்த ஜோடியின் வரம்பே 60 வோல்ட். ஆகவே வேலை முடிந்து சோதிக்கும்போது பாடும், வீட்டுக்குப் போய் ஒருநாள் உரக்க வைத்தால் போச்சு. போதாக்குறைக்கு, அவை அசலும் இல்லை. எரிந்த ஒன்றின் மூடியை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உலோகக் கூட்டுக்குள் அரிசிக்குறுணை அளவுக்குச் சில்லு.

140 வோல்ட் தாங்கும் எம்ஜே15003, எம்ஜே15004 போட்டேன். மின்காப்புக்குப் புது மைக்கா, இருபக்கமும் மெல்லிய பூச்சாக ஹீட்சிங்க் பேஸ்ட். உரிந்த டிராக்குகளுக்குக் கம்பி இழுத்தேன். பார்க்க அழகில்லை, உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்.

இத்தனைக்கும், முதன்முதலில் ஏன் எரிந்தது என்ற கேள்வி அப்படியே நின்றது. பயாஸ் அளவைத் திருகி அமைக்கும் சின்ன ரெசிஸ்டரான டிரிம்பாட்டை மீட்டரில் பிடித்து மெதுவாகத் திருப்பியபோது விடை கிடைத்தது. நடுவில் ஓரிடத்தில் தொடுமுனை முழுவதுமாக விட்டுப்போனது. இந்த அமைப்பில் தொடுமுனை நேராகப் பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு, அதாவது அதை இயக்கும் காலுக்கு, போகிறது. அது விட்டால் பயாஸ் டிரான்சிஸ்டர் அணைந்து, அவுட்புட் உச்ச மின்னோட்டத்துக்குப் போய்விடும். மூன்று முறையும் எரிந்ததை மாற்றினார்கள், எரித்ததை யாரும் தொடவில்லை. அதைக் கழற்றிவிட்டு, பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் பலசுற்று டிரிம்பாட் வைத்தேன். இனி அது விட்டுப்போனாலும் பயாஸ் குறையும், ஏறாது.

முதல் தடவை ஆன் செய்யும்போது மெயின்ஸுக்குத் தொடராக 60 வாட் குண்டு பல்ப் போட்டேன், உள்ளே கோளாறு இருந்தால் அது விடாமல் பளிச்சென்று எரியும். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. அந்த மங்கலைப் பார்த்தபிறகுதான் மூச்சு விட்டேன். பல்பை எடுத்துவிட்டு அரைமணி சூடாக விட்டு, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் 11 மில்லிவோல்ட் வரும்படி பயாஸ் வைத்தேன். அதாவது 50 மில்லியாம்ப். வெளியீட்டில் டிசி 18 மில்லிவோல்ட், கவலைப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் மூன்று வருடம், அநேகமாகத் தினமும் ஓடுகிறது. வருடம் ஒருமுறை அளக்கிறேன். வலது பயாஸ் 10க்கும் 12க்கும் இடைப்பட்ட மில்லிவோல்ட்டிலேயே நிற்கிறது. பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மாற்றவில்லை, அளந்ததில் நன்றாக இருந்தன. பழசு என்றால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹீட்சிங்க் ஓரம் வெந்துகொண்டிருந்த நான்கு சின்னவற்றை மட்டும் 105 டிகிரி வரை தாங்கும் ரகமாக மாற்றினேன்.

முதல் வருடம் முடிவதற்குள் ஒரு தொல்லை வந்தது. மெதுவாகக் கேட்கும்போது வலது பக்கம் மங்கும், சத்தம் கூட்டினால் தெளிந்துவிடும். மறுபடியும் டிரான்சிஸ்டரோ என்று வயிறு கலங்கியது. பார்த்தால் ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் சுவிட்சான ரிலேயின் தொடுமுனைகள் கறுத்திருந்தன. ரிலேயை மாற்றியதும் சரியாகிவிட்டது.

இடது பக்கத்தின் பழைய டிரிம்பாட்டை, நன்றாகத்தானே இருக்கிறது என்று தொடாமல் விட்டிருந்தேன். போன சோதனையில் விரல் பட்டதும் மீட்டரில் எண் துள்ளியது. அன்றைக்கே அதையும் மாற்றிவிட்டேன்.