மீன் புகைப்பெட்டிக்கு பிஐடி கன்ட்ரோலர்: காட்பாடியில் இரண்டு வருஷம்

வேலூர் வெயிலில் புகைப்பெட்டிக்கு ஹீட்டர் எதற்கு என்று மச்சான் சிரித்தான். மே மாதத்துக்கு அவன் சொன்னது சரிதான். கட்லா துண்டுகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, முதல் இரண்டு மணி நேரம் 45 டிகிரியில் புகை காட்டுவது என் வழக்கம். வெளியே 41 டிகிரி, உள்ளே புளியஞ்சீவல் கங்கு. ஹீட்டர் எரியாமலே பெட்டி 50-ஐத் தாண்டிவிடும். சென்சார் காட்டும் சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைப்பதுதான் பிஐடி கன்ட்ரோலரின் வேலை. அதற்குச் சூடாக்கத்தான் தெரியும், ஆறவைக்கத் தெரியாது. இப்போது கங்குத் தகரத்தை வெளியே வைத்து, நாலடிக் குழாய் வழியாகப் புகையை உள்ளே விடுகிறேன். அப்படியும் அக்னி நட்சத்திரத்தில் பெட்டியைத் தொடுவதில்லை.

மார்கழி ராத்திரிதான் இதற்கு ஏற்ற நேரம். ஆனால் முதல் மார்கழியில் 45 வைத்தால் 58 வரை ஓடியது. மெஷினைத் திட்டினேன், தப்பு என்னுடையது. காலிப் பெட்டியில், 90 டிகிரியில் ஆட்டோ ட்யூன் போட்டிருந்தேன், அதாவது கன்ட்ரோலர் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி. அது ஹீட்டரைப் போட்டுப் போட்டு அணைத்து, சூடு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்துத்தான் ஹீட்டரை எவ்வளவு ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பி, ஐ, டி என்ற மூன்று எண்களைப் போட்டுக்கொள்கிறது. 90-ல் பெட்டி சட்டென்று ஆறும், 45-ல் மெதுவாகத்தான் ஆறும். அந்தக் கணக்கு இங்கே எப்படிச் செல்லும்? மீனுக்குப் பதிலாகத் தட்டுகளில் ஈரத்துணியைப் பரப்பி, 45-லேயே மறுபடி ட்யூன் செய்தேன். 51-ல் நின்றது.

மிச்சம் காயிலின் வேலை. 1000 வாட் காயில், கரண்ட் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கனன்றுகொண்டே இருக்கும். அதே மாதிரி இன்னொன்றை வாங்கி இரண்டையும் சீரிஸில் இணைத்தேன். மொத்தமே 500 வாட். மறுபடி ட்யூன் போட்டதும் 47-ஐத் தாண்டுவதில்லை. சாயங்காலம் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் அந்த 500-ம் 340 ஆகிவிடும். அப்போது சூடேற நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

சென்சாரைச் சுவரில் ஒட்டாதீர்கள். மீன் இருக்கும் உயரத்தில், எண்ணெய் சொட்டாத இடமாகத் தொங்கவிடுங்கள்.

பயந்தது ஒரே ஒரு ராத்திரி. செட் 45, காட்டியது 71. கன்ட்ரோலரில் அவுட் விளக்கு எரியவில்லை, காயில் மட்டும் எரிகிறது! கன்ட்ரோலர் சொல்படி காயிலுக்குக் கரண்ட் விடும் எலக்ட்ரானிக் சுவிட்சான எஸ்எஸ்ஆர் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தது. அது கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆன் ஆனபடியேதான் நிற்கும். அதன் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் இல்லாமல் மாட்டியதன் பலன். இப்போது ஹீட் சிங்க் உண்டு, ஹீட்டர் லைனில் சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட்டும் தனியாக உண்டு.

45-லேயே மீனை முடித்துவிடக் கூடாது. புகை ஏறியதும் பெட்டியை 85-க்கு ஏற்றி, துண்டின் நடுவில் 63 டிகிரி வந்து அரை மணி நிற்கும்வரை விடுகிறேன். அதைப் பார்க்கத் தனி ப்ரோப். ஆறியதும் நேராக ஃப்ரிட்ஜுக்கு.

புதிதாக வாங்குகிறவர்கள் கன்ட்ரோலரின் அவுட்புட் ரிலேயா (உள்ளேயே இருக்கும் சுவிட்ச்) எஸ்எஸ்ஆரா (வெளியே மாட்டும் எஸ்எஸ்ஆரை இயக்கும் சிக்னல்) என்று லேபிளைப் பாருங்கள். எஸ்எஸ்ஆர் கேட்ட எனக்குக் கடைக்காரர் முதலில் ரிலே மாடலைத்தான் கொடுத்தார், மாற்ற இரண்டு முறை பஸ் ஏறினேன்.