ஓசூர் சிப்காட் இன்வர்ட்டர் போர்டு சர்வீஸ்: வேலை நல்லது, டீசாட் (ஷார்ட் பாதுகாப்பு) சோதனையை மட்டும் கேட்டு வாங்குங்கள்

சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் (கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் சிப்) உள்ள இன்வர்ட்டர் போர்டு எரிந்தால், சிப்காட்டை ஒட்டிய இந்தச் சின்னக் கடையைத் தயங்காமல் நாடலாம். இணையாக இருக்கும் நான்கில் ஒன்று வெடித்தாலும் நான்கையும் மாற்றுகிறார்கள். பில் எகிறும்தான், ஆனால் அதுதான் சரி. ஷார்ட் ஆகும்போது த்ரெஷோல்டு வோல்டேஜ் (சிப் ஆன் ஆகத் தொடங்கும் கேட் வோல்டேஜ்) குறைவான சிப் அதிகக் கரண்டை இழுத்து முதலில் போகும். தப்பியதுபோல் தெரியும் மற்றவற்றின் கேட் ஆக்சைடும் (கேட் எனும் கட்டுப்பாட்டு முனையின் மெல்லிய காப்புப் படலம்) அடிவாங்கியிருக்கலாம். சாதாரண மல்டிமீட்டரில் அது பெரும்பாலும் சிக்காது.

புதியவற்றை அப்படியே சால்டர் செய்வதில்லை. கேட்டையும் டிரெய்னையும் சேர்த்து, 10 மில்லியாம்பியர் செலுத்தி த்ரெஷோல்டு அளந்து, 0.2 வோல்ட்டுக்குள் ஒத்துப்போவதை மட்டும் போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி கேட் ரெசிஸ்டர்.

குறை ஒன்று: டீசாட் நேரத்தை, அதாவது ஷார்ட் ஆனதும் கேட்டை இயக்கும் டிரைவர் அதைக் கண்டு சிப்பை அணைக்க எடுக்கும் நேரத்தை, சோதிப்பதில்லை. ஐஜிபிடி எனும் சிலிக்கான் சுவிட்ச் பெரும்பாலும் 10 மைக்ரோசெகண்ட் ஷார்ட் தாங்கும், சிலிக்கான் கார்பைடு பலவும் 2, 3தான். சார்ஜ் கரண்ட் 250 மைக்ரோஆம்பியர், டிரிப் 9 வோல்ட் என்றிருக்கும் டிரைவரில் டிரிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும் பிளாங்கிங் கெப்பாசிட்டர் 100 பிக்கோஃபாரட் என்றால் 3.6 மைக்ரோசெகண்ட், டிரைவர் விழிப்பதற்குள் கதை முடிந்துவிடும். 33 போட்டால் 1.2. ஆனால் நேரம் குறைந்தால் இரைச்சலையும் ஷார்ட் என்று நினைக்கலாம்; அதனால் சுவிட்சிங் இரைச்சலில் பொய் டிரிப் வருகிறதா என்று லோடு கொடுத்துப் பார்த்துவிட்டே போர்டை வாங்குங்கள்.