தளர்ந்த இமையும் கெரட்டோகோனஸும்: சில வருட அனுபவம்

கெரட்டோகோனஸ் என்பது கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற படலமான கார்னியா மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய். அது மேலும் ஏறாமல் இருக்க கார்னியாவை இறுக்கும் கிராஸ் லிங்க்கிங் சிகிச்சை செய்துகொண்டவர்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். இமையிலும் கோளாறு இருந்தால் என்ன ஆகும் என்று எழுத ஆள் குறைவு. எனக்கு இரண்டும் உண்டு.

வலது கண்தான் மோசம். ஒரே வருடத்தில் கார்னியாவின் கூம்பு ஒரு டயாப்டருக்கு (வளைவை அளக்கும் அலகு) மேல் ஏறியிருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க? குறட்டை உண்டா?" என்று கேட்டார். வலது பக்கம்தான், குறட்டையும் உண்டு. மேல் இமையை விரலால் லேசாக மேலே இழுத்தார். ரப்பர் போல அப்படியே வெளிப்பக்கம் புரண்டுகொண்டது. இதற்கு ஃப்ளாப்பி ஐலிட் என்று பெயர், 1981லேயே விவரிக்கப்பட்ட நோய். தூக்கத்தில் இமை புரண்டு தலையணையில் உரசும். காலையில் கண் சிவந்து, நூல் நூலாகப் பூளை வரும். ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு) உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. கெரட்டோகோனஸும் கூடவே வருவதுண்டு.

கிராஸ் லிங்க்கிங்கில் கார்னியாவின் மேல்தோலை நீக்கி, அரை மணி ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு, அரை மணி புற ஊதா ஒளி காட்டுவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான முறை. மேல்தோல் இல்லாத கண்ணில் வீங்கிய இமை உரசினால் புண் ஆறத் தாமதமாகும், தொற்றும் வரலாம். அதனால் எனக்கு முதலில் இமைக்குத்தான் வைத்தியம்: வெந்நீர் ஒத்தடம், இமை விளிம்பைத் துடைப்பது, தூக்கப் பரிசோதனை, தூங்கும்போது மாஸ்க் வழியே காற்று செலுத்தும் சிபாப் மெஷின், கடைசியாக இமையை ஓரத்தில் இறுக்கித் தைக்கும் சின்ன அறுவை. எல்லாருக்கும் இப்படிக் காத்திருக்க முடியாது. மேல்தோல் எடுத்த பிறகும் கார்னியா 400 மைக்ரான் (0.4 மில்லிமீட்டர்) கனமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. எனக்கு அதற்கு இடம் இருந்தது.

கிராஸ் லிங்க்கிங் முடிந்த முதல் சில நாள் நல்ல வலி. புண் ஆறும்வரை கண்ணை மூடிக் காக்கும் பேண்டேஜ் லென்ஸ் மேலே, இரவில் பிளாஸ்டிக் மூடி. சில மாதம் பார்வை மங்கலாகவே இருந்தது. அப்புறம் கூம்பு ஏறவில்லை, இன்றுவரை அப்படியே நிற்கிறது. ஆனால் தெளிவான பார்வை தந்தது ஸ்கிளீரல் லென்ஸ்தான், அதாவது கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய கான்டாக்ட் லென்ஸ். லென்ஸில் பிரிசர்வேட்டிவ் இல்லாத சலைனைத் தளும்ப நிரப்பி, முகத்தைத் தரையைப் பார்த்துக் குனிந்து, இமைகளை அகல விரித்துப் பொருத்த வேண்டும். குமிழி நுழைந்தால் கழற்றித் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். மதியத்துக்குள் உள்ளே பனிமூட்டம் மாதிரி மங்கும். இமை விளிம்பைத் துடைக்காத நாளில் அது சீக்கிரமே வரும். கழற்றி, சலைனில் அலசி, மறுபடி போடுகிறேன். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கார்னியாவையே அழித்துவிடலாம்.

சிபாப் பற்றி ஒன்று: மாஸ்க் மூக்கோரம் சரியாக உட்காராவிட்டால் காற்று நேரே கண்ணுக்குப் போய் காலையில் உறுத்தும். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க்குக்கு மாறினேன், நின்றுவிட்டது.

குறட்டை, காலைப் பூளை, ஒரு கண் மட்டும் அதிக மோசம் என்று இருந்தால், அடுத்த முறை போகும்போது இமையையும் இழுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.