மேக்எம்கேவியா, ஹேண்ட்பிரேக்கா? வட்டுப் படங்களைக் கணினிக்கு மாற்றத் திரைவாசிப்பானுக்கு ஏற்ற மென்பொருள்

டிவிடி, புளூ-ரே வட்டுகளில் இருக்கும் படங்களைக் கணினியில் சேர்த்துவைத்து, ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸ் போன்ற, கணினியில் உள்ள படங்களை மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள் வழியாக வீட்டின் எந்த அறையிலிருந்தும் பார்ப்பது எல்லோருக்கும் வசதியான ஏற்பாடுதான். ஆனால் திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பியிருக்கும் நமக்கு அது வெறும் வசதி அல்ல. வட்டைப் போட்டதும் தோன்றும் பட்டியல் முழுவதும் படமாகவே வருவதால், என்விடிஏ, ஜாஸ், வாய்ஸ்ஓவர் ஆகிய திரைவாசிப்பான்கள் எதுவும் அதை இயல்பாகப் படித்துச் சொல்லாது. காட்சியில் நடப்பதை ஒரு குரல் சொல்லிச் செல்லும்படி பார்வையற்றோருக்காகவே பதிவு செய்யப்பட்ட ஒலி விவரிப்புத் தடம் வட்டில் இருந்தும், அதைத் தேர்ந்தெடுக்கப் பார்வையுள்ள ஒருவரை நாட வேண்டியிருக்கிறது. அதே படம் கணினியில் கோப்பாக இருந்தால், தடங்களின் பட்டியல் எழுத்தாகக் கிடைக்கிறது. நாமே படித்து நாமே தேர்ந்தெடுக்கலாம்.

இந்த வேலைக்குப் பெரும்பாலோர் பரிந்துரைப்பவை மேக்எம்கேவியும் ஹேண்ட்பிரேக்கும்தான். இரண்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். மேக்எம்கேவி வட்டில் உள்ள படத்தையும் ஒலியையும் தரம் குறையாமல் அப்படியே எடுத்து, பல தடங்களை ஒன்றாகத் தாங்கும் எம்கேவி கோப்பில் வைக்கிறது. ஹேண்ட்பிரேக் அவற்றை மறுபடி சுருக்கிச் சிறிய கோப்பாக்குகிறது. வணிக வட்டுகளின் பூட்டைத் திறக்கும் வசதி அதனுடன் வருவதில்லை. பூட்டுள்ள வட்டைச் சொந்தப் பயன்பாட்டுக்காகப் படியெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், அதை அவரவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது மேக்எம்கேவியை. அதிலும் அதன் சாளரத்தை அல்ல, அதனுடனேயே நிறுவப்படும், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளை வரி வடிவத்தை.

ஹேண்ட்பிரேக்கின் சாளரம் விசைப்பலகைக்கு ஓரளவு நன்றாகவே இணங்குகிறது. முன்னமைவை (முன்கூட்டியே சேர்த்துவைத்த தெரிவுகளின் தொகுப்பை) தேர்ந்தெடுத்து, கோப்பின் பெயரைக் கொடுத்து, தொடக்கப் பொத்தானை அழுத்துவது வரை தடுமாற்றம் இல்லை. மேக் கணினியில் அதை நான் குறைவாகவே பயன்படுத்தியிருக்கிறேன். அந்தக் குறைந்த பழக்கத்தில் வாய்ஸ்ஓவருடன் அது சீராகவே நடந்துகொண்டது. ஒலிப் பகுதிக்கு வரும்போதுதான் வேலை கூடுகிறது. அங்கே ஒவ்வொரு தடத்துக்கும் பல தெரிவுப் பெட்டிகள் இருப்பதால், எந்தத் தடத்தின் எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே தாவல் விசையை அழுத்திச் செல்ல வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த ஒலிப் பகுதிதான். ஹேண்ட்பிரேக் தன் இயல்பான அமைப்பில், நாம் விரும்பும் மொழிக்குப் பொருந்தும் முதல் ஒலித்தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒலி விவரிப்போ பெரும்பாலும் அதே மொழியில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோதான் இருக்கும். அமைப்பை மாற்றாமல் படியெடுத்தால் படம் முழுமையாக வந்ததுபோலத் தோன்றும். நமக்கு வேண்டிய தடம் மட்டும் அதில் இருக்காது. வட்டைத் தேடி எடுத்து மறுபடி முழு வேலையையும் செய்ய வேண்டியதுதான். பொருந்தும் எல்லாத் தடங்களையும் எடுக்கும்படி முன்னமைவை மாற்றிவைக்கலாம் என்பதையும், டிவிடியில் பார்வையற்றோருக்கான தடம் என்ற குறி பதிந்திருந்தால் ஹேண்ட்பிரேக் அதைத் தடத்தின் பெயருடனேயே காட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டாவது வசதி உண்மையிலேயே பாராட்டத்தக்கது. ஆனால் என்னிடம் உள்ள வட்டுகள் பலவற்றில் அந்தக் குறியே இல்லை. இரண்டு தடங்களும் மொழியின் பெயரை மட்டும் தாங்கி நிற்கின்றன. காதால் கேட்டுத்தான் பிரித்தறிய முடியும் என்றால், முதலில் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டுப் பிறகு நிதானமாகக் கேட்பதே அறிவுடைமை.

மேக்எம்கேவியின் கட்டளை வரி அதற்கு நன்றாக உதவுகிறது. வட்டின் விவரங்களை மட்டும் கேட்கும் கட்டளையை, இயந்திர வாசிப்புக்கான முறையில் கொடுத்து, வெளியீட்டை ஓர் உரைக் கோப்புக்குத் திருப்பிவிடுகிறேன். பிறகு அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து வரிவரியாகக் கேட்கிறேன். ஒவ்வொரு வரியும் அது எதைப் பற்றியது என்ற குறியுடன் தொடங்கும்: தலைப்பு, அதாவது வட்டில் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு படப்பகுதி, அதன் விவரத்துக்கு ஒரு குறி, தலைப்புக்குள் உள்ள தடத்துக்கு வேறொரு குறி. தலைப்பு வரிகளில் 9 என்ற எண்ணை அடுத்து வருவது ஓடும் நேரம், 8 என்பதை அடுத்து வருவது அத்தியாயங்களின் எண்ணிக்கை. பன்னிரண்டு தலைப்புகள் கொண்ட வட்டில், ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடுவது எது என்பதைத் தேடல் வசதியைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். சாளரங்களின் தோற்றம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம், நேற்று வரை பெயர் சொன்ன பொத்தான் ஒரு புதுப்பிப்புக்குப் பின் பெயரில்லாமல் போகலாம். உரைக் கோப்பில் உள்ள வரிக்கு அந்தக் கவலை இல்லை.

இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேக்எம்கேவியும் தானாகவே எல்லாத் தடங்களையும் எடுத்துவிடுவதில்லை. ஒரே மொழியில் சரவுண்டு ஒலித்தடம் இருக்கும்போது, அதே மொழியின் ஸ்டீரியோ தடத்தை விட்டுவிடும் விதி அதன் இயல்பான தேர்வில் இருக்கிறது. ஒலி விவரிப்பு பெரும்பாலும் ஸ்டீரியோவில்தான் பதிவாகியிருக்கும் என்பதால் நமக்கு வேண்டியதே விடுபடக்கூடும். அமைப்புகளில் நிபுணர் நிலையை இயக்கி, இயல்பான தேர்வு விதியை எல்லாவற்றையும் எடுக்கும்படி ஒருமுறை மாற்றிவிட்டால் போதும்.

கோப்பு தயாரானதும் அதை விஎல்சி என்ற இயக்கியில் திறந்து, விண்டோஸில் B விசையால் ஒலித்தடங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கலாம். உரையாடல் இல்லாத காட்சிக்குச் செல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. தொடக்கத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் வரும்போதே விவரிப்பாளர் பேசத் தொடங்கிவிடுவது வழக்கம். இயக்குநரின் கருத்துரை என்றால் பேசுபவர் தன்னைப் பற்றியும் படப்பிடிப்பைப் பற்றியும் பேசுவார், குழப்பம் வராது. சரியான தடம் தெரிந்தபின் எம்கேவி கோப்புகளைத் திருத்த உதவும் எம்கேவிடூல்நிக்ஸ் தொகுப்பைக் கொண்டு அதற்கு ‘ஒலி விவரிப்பு’ என்று பெயரிட்டுவிடுகிறேன். அதன்பின் ஜெல்லிஃபின் காட்டும் தடப் பட்டியலில் அந்தப் பெயரே வாசிக்கப்படுகிறது.

மேக்எம்கேவிக்கு விலை இல்லாமல் இல்லை. டிவிடிகளுக்கு அது இலவசம். புளூ-ரே வட்டுகளுக்கு, சோதனைப் பதிப்பாக இருக்கும் காலத்துக்கென வெளியிடப்படும் தற்காலிகச் சாவியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அல்லது பணம் கட்டி நிரந்தரச் சாவி வாங்க வேண்டும். இடமும் அதிகம் பிடிக்கும்: இரட்டை அடுக்கு டிவிடி 8.5 ஜிபி வரையும், இரட்டை அடுக்கு புளூ-ரே 50 ஜிபி வரையும் கொள்ளக்கூடியவை. டிவிடியில் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்ட படத்தை எல்லாக் கைபேசிகளும் நேரடியாக இயக்குவதில்லை என்பதால், பல நேரங்களில் படங்களை அனுப்பும் வழங்கிக் கணினி அதை அந்தக் கணத்திலேயே மாற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. வசனவரிகள் இரண்டு வகை வட்டுகளிலும் படங்களாகவே இருப்பதால், அவற்றைப் பொறுத்தவரை இந்த இரண்டு மென்பொருள்களும் நமக்குக் கூடுதல் பயன் தருவதில்லை.

இடம் குறைவாக உள்ளவர்களும், வழங்கிக் கணினி வேகம் குறைந்தவர்களும் ஹேண்ட்பிரேக்கைத் தவிர்க்க முடியாது. அவர்களும் முதலில் மேக்எம்கேவியால் முழுமையாக எடுத்து, ஒலி விவரிப்புத் தடத்தை அடையாளம் கண்டு பெயரிட்டு, அதன்பின் எல்லாத் தடங்களையும் சேர்க்கும் முன்னமைவுடன் அந்த எம்கேவி கோப்பை ஹேண்ட்பிரேக்கிடம் கொடுப்பதையே பரிந்துரைப்பேன். சுருக்கிய கோப்பில் ஒலி விவரிப்பு இருப்பதைக் கேட்டு உறுதி செய்த பிறகே பெரிய கோப்பை அழிக்க வேண்டும்.