பெரியப்பாவின் தாள்களும் நல்லூர் ஆவணப் பராமரிப்பு நிலையமும்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக வடக்கில் பலரும் அறிய உழைத்த என் பெரியப்பா பார்வையற்றவர். அவர் காலமான பின்னர், றங்குப்பெட்டியில் இருந்த கடிதங்கள், மனுக்களின் பிரதிகள், கூட்டக் குறிப்புக் கொப்பிகள், பிறெயில் தாள்கள் அனைத்தையும் நல்லூருக்கு அருகிலுள்ள ஓர் ஆவணப் பராமரிப்பு நிலையத்தில் ஒப்படைத்து, நான்கு மாதங்களில் திரும்பப் பெற்றோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது பெரியம்மா உரப்பையில் கட்டிச் சுமந்த தாள்கள் இவை. அன்றைய மழையின் கறை பலவற்றின் ஓரத்தில் இன்றும் உண்டு.

துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துரு தின்ற இடங்களில் மெல்லிய யப்பானியத் தாளைக் கோதுமை மாப்பசையால் ஒட்டியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் ஈரம் காட்டி அதைக் கழற்றிவிடலாம். முன்னர் வேறொரு கடையில் லமினேற் செய்வித்த மூன்று கடிதங்களை இனிச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது மிகக் கடினம் என்பதால், இதன் அருமை எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

பிறெயில் தாள்களில்தான் தொடக்கத்தில் தவறு நேர்ந்தது. சுருக்கம் நீங்கட்டும் என்று மற்றத் தாள்களோடு அவற்றையும் பாரத்தின் கீழ் வைத்திருந்தார்கள். விரல் தொட்டு வாசிக்க எழுந்து நிற்கும் புள்ளிகள் அமுங்கினால் எழுத்தே போய்விடும் என்று நான் சொன்னதும், அங்கு பணிபுரியும் இளம்பெண் பதறிப்போய் உடனே எடுத்து, பெட்டியில் நெருக்காமல் நிமிர்த்தி அடுக்கினார். மேலிருந்து வெளிச்சம் விழுந்தபோது வெறுந்தாளாகவே பதிவான பக்கங்களை, பின்னர் பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வைத்துப் படம் பிடித்தார்கள். புள்ளிக்குப் புள்ளி நிழல் விழுந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றிய ஒரு குறிப்பில், பெரியப்பா பிழையான புள்ளியை நகத்தால் அமுக்கித் திருத்திய இடம்கூடத் தெரிந்தபோது பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை.

உதவி கேட்டு எழுதியவர்களின் நோய் விவரங்கள் அடங்கிய கடிதங்களை வேறாகப் பிரித்து, அவற்றைப் பிரதியெடுக்கலாமா என்று எங்களிடம் கேட்டதும் பொறுப்பான செயல். கட்டணமும் நியாயமானதே.

எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். கோப்புகள் அனைத்தையும் படங்களாகவே தந்தார்கள். பெரியப்பாவோடு இயங்கிய, பார்வையற்ற மாமா ஒருவர் அவற்றைத் திறந்தபோது, எழுத்தைக் குரலில் வாசித்துக்காட்டும் அவருடைய கணினியின் திரைவாசிப்பான் ஒரு சொல்லைக்கூட வாசிக்கவில்லை. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் மனு எழுதியவரின் தாள்களை அவருடைய தோழரே வாசிக்க முடியாமற்போனது எனக்கு மிகுந்த வேதனை தந்தது. கேட்ட பிறகு, தட்டச்சு செய்யப்பட்ட பக்கங்களை எழுத்துணரி மூலம் உரையாக்கி, பிழை திருத்தித் தந்தார்கள். கையெழுத்துப் பக்கங்களுக்குத் தனிக் கட்டணம் என்பதால் நானே தட்டச்சு செய்துவருகிறேன். இத்தகைய ஆவணங்களைக் கொடுப்பவர்கள், வாசிக்கத்தக்க உரையும் வேண்டுமென்று முதல் நாளே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1981இல் நூலகம் எரிந்த ஊர் என்பதால் ஒரே பிரதியை ஓரிடத்தில் வைத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரு வன்தட்டு எங்கள் வீட்டிலும் மற்றொன்று சாவகச்சேரியில் மாமாவிடமும் இருக்கின்றன.