கத்தி வைத்த வாசக்டமியா, கத்தியில்லாததா?

வாசக்டமி என்பது ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை. இரண்டு முறையிலும் வெட்டப்படுவது ஒன்றேதான்: விரையிலிருந்து விந்தணுவை மேலே கொண்டுபோகும் விந்துக்குழாய். வித்தியாசம் தோலில்தான். பழைய முறையில் விதைப்பையைக் கத்தியால் கீறி, வேலை முடிந்ததும் தையல் போடுவார்கள். 1974இல் சீனாவில் லி ஷுன்சியாங் கொண்டுவந்த முறையில் கத்தியே கிடையாது. முனையில் வளையமுள்ள இடுக்கி தோலோடு சேர்த்துக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். கூர்முனை இடுக்கியால் சின்னத் துளை போட்டு, அதை விரித்து, குழாயை வெளியே எடுத்து வெட்டி அடைப்பார்கள். பெரும்பாலும் தையல் வேண்டாம். ரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் குறைவு.

கருத்தடைப் பலன் இரண்டிலும் ஒன்றுதான். பழகிய டாக்டர் கிடைத்தால் இரண்டாவதே மேல் என்பேன். ஆண்மை போய்விடும் என்ற பயம் எதிலும் வேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குழாய் வழியாகப் போவதில்லை, நேரே ரத்தத்தில் கலக்கிறது. எதைச் செய்தாலும் மூன்று மாதம் ஆணுறை, அப்புறம் விந்துப் பரிசோதனை. அதுவரை பழைய விந்தணு குழாயில் மிச்சமிருக்கும்.